சின்னதாய் வந்த வெளிச்சம்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் நுளம்பு கடிக்காமல் கட்டிப் படுக்கிற வலை இரண்டையும் தோய்த்துக் கொடியில் போட்டேன். மனுசி கந்தளாயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வலை தோய்ப்பது, சோறு வடிப்பது எல்லாம் இப்போது என் தலையில்தான். கச்சான் காற்று அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வீசிக்கொண்டிருந்தது. அது ஒரு வலையைத் தூக்கி மற்றதன் மேல் போட்டது. நேராகப் போடவில்லை, ஒரு சாடை, கொஞ்சமே கொஞ்சம், திருப்பிப் போட்டது.

பார்த்தால், நீ அன்றைக்குக் காட்டிய அதே வட்டங்கள். வலையின் கண் ஒவ்வொன்றும் கடுகளவு. இரண்டும் சேர்ந்த இடத்தில் மட்டும் தோசையளவு வட்டங்கள் எழும்பி, காற்று அசைக்க அசைக்கப் பெருத்தும் சிறுத்தும் நின்றன. எனக்கு இப்போதெல்லாம் எதையும் நின்று பார்க்க அலுப்பு. முழங்கால் விடாது. இருந்தாலும் கை ஈரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே போய் எழுதத்தான் வேண்டும் என்று பட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு உன் மகள் அந்தக் குளிர்நாட்டிலிருந்து போன் எடுத்து, தான் செய்யப்போகிற வேலையைச் சொன்னாள். நீ போனை வைத்த கையோடு நேரே என் வீட்டுக்கு வந்து, "வலை ரெண்டு தா" என்றாய். என் மனுசி குசினிக்குள் இருந்தபடியே, படிப்பித்த வாத்தியாருக்கு என்ர வலைதானோ கிடைச்சது என்று முணுமுணுத்தாள். நீ என் தங்கச்சியைக் கட்டின ஆள் என்பதால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தில் வலைகளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாய்.

"ஐசே, இந்தப் பெரிய வட்டம் எந்த வலையில இருக்கு?"

"ரெண்டிலயும்தான்."

"ஒண்டிலயும் இல்லை. திருப்பினதால வந்தது."

பிறகு நீ சொன்னதை நான் இன்றுவரை ஒரு எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று ஊர் சொன்னாலும், அன்று வகுப்பில் கணக்கில் முதலாவது நான்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது கணக்கு வாத்தியார் அழுதவர். நீ அந்த வாத்தியாருக்குக் கண்ணில் தூசு விழுந்தது என்பாய். அது கிடக்கட்டும்.

பென்சில் கூரில் இருப்பது காரீயம். அதை உரித்து உரித்து, இனி உரிக்க ஏலாது என்கிற ஒற்றை அணுக் கனத் தாளாக எடுத்தால் அதற்குக் கிராஃபீன் என்று பெயர். அந்தத் தாளும் வலை மாதிரித்தான், கண் கண்ணாக இருக்கும். ஒரு தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மற்றப் பாதியின் மேல், ஒரு பாகையும் கொஞ்சமுமாகத் திருப்பி வைக்க வேண்டும். அங்கேயும் இந்தப் பெரிய வட்டங்கள் வரும். அதைக் கடும் குளிருக்குக் கொண்டுபோனால் மின்சாரம் ஒரு தடையும் இல்லாமல் ஓடும். அந்த நேரம் பார்த்து ஒரு துளி அகச்சிவப்பு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாத, சூடாக மட்டும் உணர்கிற வெளிச்சம், அதன் மேல் விழுந்தால் அந்த ஓட்டம் குழம்பும். குழம்பினால் வெளிச்சம் வந்தது என்று அர்த்தம். இதற்கு முன் எவரும் பிடிக்காத அளவு சின்ன வெளிச்சத்தை அதால் பிடிக்கலாம் என்பதுதான் பிள்ளையின் எண்ணம்.

எனக்கு விளங்கவில்லை என்று முகத்திலேயே கண்டுகொண்டாய். உடனே என் தொழிலுக்கு இறங்கி வந்தாய்.

"உள்துறைமுகம் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடக்கேக்குள்ள ஒரு சின்னச் சூடைமீன் துள்ளினாலும் உனக்குத் தெரியும். கடல் கொந்தளிக்கேக்குள்ள திமிங்கிலம் துள்ளினாலும் தெரியாது. பிள்ளை இப்ப கடலை அசையாமல் வைக்கப் பாக்கிறாள்."

அது போதும் எனக்கு. மூதூர் லாஞ்சியில் எஞ்சின் பார்த்தவனுக்குக் கடலைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வாடைக்காற்று நேரம், கடற்படைக்காரனே படகைக் கட்டிவிட்டுப் படுத்திருந்த நாளில், ஒரு லாஞ்சி நிறையச் சனத்தை நான் கரைசேர்த்தேன். அந்தக் கப்டன் எனக்குச் சல்யூட் அடித்தான். நீ இருந்தால் இந்த இடத்தில், அவன் கையைத் தூக்கி நுளம்பு கலைச்சவன் என்று குறுக்கே சொல்லியிருப்பாய்.

அன்று பின்னேரமே துறையடித் தேத்தண்ணிக் கடையில் நான் கதையைத் தொடங்கிவிட்டேன். என் மருமகள் ஒரு கண்ணாடி செய்கிறாள், கோணேசர் மலையில் ஒரு மான் மூச்சு விட்டால் அந்த மூச்சின் சூட்டை அக்கரையில் கிண்ணியாவில் நின்று காணலாம் என்றேன். கிண்ணியாவிலிருந்து மாடு வாங்க வரும், ஊரே நானா என்று கூப்பிடுகிறவரும் அங்கே இருந்தார். அவர் தேத்தண்ணியை ஆற்றியபடி, "அப்ப அந்தப் புள்ளையிட்டச் சொல்லுங்க, எண்ட மாடு ரெண்டு காணாமப் போயிருக்கு, ஒருக்காப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நீ சீனி போடாத தேத்தண்ணியோடு மூலையில் இருந்தாய். நீயாவது என் பக்கம் பேசுவாய் என்று பார்த்தேன். நீ மெதுவாகச் சொன்னாய், "நானா, இவர் சொல்லுறதைப் பத்தால பிரியுங்கோ, பத்தில ஒரு பங்கு. வாறது உண்மை."

நான் கோபித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கடற்கரை வீதியில் ஓட்டமும் நடையுமாக வந்து என் தோளைப் பிடித்தாய். அன்று நீ சொன்னது, என்னைப் பற்றி யாரும் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது.

"கோவிக்காதை. ஊரில எல்லாரும்தான் பொய் சொல்லுறாங்கள். ஒருத்தன் இண்டைக்குக் கூட்டுவான், நாளைக்குக் குறைப்பான். உன்ர பொய் எண்டைக்கும் ஒரே அளவு. பிழையான தராசெண்டாலும் ஒரே அளவாப் பிழைச்சால் நான் அதில நிறை பாத்திடுவன்."

இன்னொரு நாள் நீயே வந்து, பிள்ளை போனில் சொன்ன ஒரு புதினம் சொன்னாய். அந்தத் தாள்களைத் திருப்பி வைத்தால் அவை திருப்பின இடத்தில் நிற்காதாம். கொஞ்சம் சூடு பட்டாலும் பழைய இடத்துக்கே வழுக்கப் பார்க்குமாம். அதனால் வேண்டியதை விட ஒரு சாடை கூடத் திருப்பித்தான் வைப்பார்களாம். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அப்ப விஞ்ஞானிகளும் என்னை மாதிரித்தான் என்றேன். "அவங்கள் கூட்டித் திருப்புறாங்கள். கூட்டிச் சொல்லுறதில்லை" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

இந்தச் சிரிப்புகளெல்லாம் இப்போது எண்ணெய் தீர்ந்த எஞ்சினைச் சுழற்றுகிற மாதிரி. கை வலிக்கிறது, பற்றுவதில்லை.

சீனி வருத்தம் உன்னை மெல்ல மெல்லத் தின்றது. முதலில் கண் மங்கியது. பிறகு கால். கடைசியில் சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் படுத்தபோது காதும் பாதி போயிருந்தது. போனைக் காதில் வைத்தால் உனக்கு இரைச்சல் மட்டும்தான். லாஞ்சி எஞ்சினுக்கு மேலால் கத்திப் பழகிய என் குரல் மட்டும் எப்படியோ எட்டியது. தங்கச்சி பேசினால் பாதி வார்த்தை அழுகையில் போய்விடும்.

அந்த நேரம்தான் உன் மகளுக்கு முறை வந்தது. தாளைக் கடும் குளிருக்குக் கொண்டுபோகிற குளிர்ப் பெட்டி ஒன்றுதான் இருக்கிறதாம், அதற்கு எத்தனையோ பேர் காத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவள் அந்தத் தாள்களால் செய்த துண்டு உள்ளே போய்விட்டது. இனி நாட்கணக்கில் குளிரவைத்து, பிறகு வெளிச்சத்தைத் துளித்துளியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இடையில் விட்டுவிட்டு வந்தால் இன்னொருவரின் துண்டை உள்ளே வைத்துவிடுவார்கள். அவள் என்னிடம் அழுதாள். வேலையை விட்டுவிட்டு வாறன் மாமா, அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கோ என்றாள். நான் உன் காதுக்குள் கத்தினேன். நீ தலையை ஆட்டினாய்.

"வரவேண்டாம் எண்டு சொல்லு. துண்டு வாய் திறந்து ஒரு முடிவு சொன்னாப் பிறகு வரட்டும்."

எனக்கு உன் மேல் வந்த கோபத்தை அப்போது நான் மறைக்கவில்லை. பெற்ற பிள்ளையை விடக் காரீயத் துண்டு பெரிதோ என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஈச்சிலம்பற்றுக்காரர் ஒருவர் படுத்திருந்தார், அவர்கூட எழும்பி இருந்து பார்த்தார். நீ சத்தம் போடவில்லை.

"அவள் அதை விட்டிட்டு ஓடி வந்தாலும் நான் போறது போறதுதான். பிறகு அவளுக்கு என்ன மிச்சம்? அப்பாவும் இல்லை, துண்டும் இல்லை."

நான் கஞ்சிப் போத்தலை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். வாய் உள்ள மனிதன் என்று பெயர் எடுத்தவன் நான்.

பிறகு நீயே முடிவு சொன்னாய். பிள்ளையின் சோதனையில் ஏதும் வந்தால் உனக்குச் சொல்வது நான்தான். தங்கச்சி சொல்லக்கூடாது. உன்னைச் சந்தோஷப்படுத்த அவள் எதையும் சொல்வாள். மகளின் சொல்லை வேறு யார் கொண்டுவந்தாலும் அது ஆறுதலோ உண்மையோ என்று உனக்குத் தெரியாது. "நீ சொல்லு. உன்ர கதைக்கு மட்டும்தான் என்னட்டக் கணக்கிருக்கு" என்றாய். ஆஸ்பத்திரி முழுக்க நான் அதைச் சொல்லித் திரிந்தேன். பெரிய டொக்டரே என்னைக் கண்டு எழும்பி வழிவிட்டார் என்றும் சேர்த்துத்தான் சொன்னேன்.

ஆனால் மச்சான், அந்த நாட்கள் களைப்பான நாட்கள். கஞ்சிப் போத்தலோடு பஸ் ஏறுவது, ஆஸ்பத்திரி வாட்டில் உன் காதுக்குள் கத்துவது, வெளியே வந்து தங்கச்சியைத் தேற்றுவது, வீட்டுக்கு வந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஒவ்வொரு நாளும் நீ என்னைக் கண்டவுடன் புருவத்தைத் தூக்குவாய். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய். ஒவ்வொரு நாளும் நீ கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாய்.

போன் வந்தது ஒரு மத்தியானம். நான் துறையடியில் நின்றேன். அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"மாமா, சின்னச் சிக்னல் ஒண்டு வந்திருக்கு. வெளிச்சத்தை நிப்பாட்டினா நிக்குது, திரும்பப் போட்டா வருகுது. அப்பாவுக்கு இதை மட்டும் சொல்லுங்கோ. ஒண்டும் சேர்க்காதேங்கோ மாமா."

சேர்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சின்னது என்கிறாளே என்று கேட்டதற்கு, இவ்வளவு மங்கலான வெளிச்சத்துக்கு அவ்வளவு சின்னதாகத்தான் வரவேண்டும், அதுதான் சரி என்றாள். ஆஸ்பத்திரி வரைக்கும் வெயிலில் நடந்தே போனேன். வழியில் யாரும் கதை கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பஸ் ஏறவில்லை. அந்த மூன்று வசனத்தையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி, தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த வாளியைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனேன். என் வாழ்க்கையில் ஒரு கதையை அப்படிச் சிந்தாமல் கொண்டுபோனது அன்றைக்கு மட்டும்தான்.

உன் காதில் வாயை வைத்துச் சொன்னேன். பிள்ளை போன் எடுத்தவள், சின்னதா ஒண்டு வந்திருக்காம், வெளிச்சத்தை நிப்பாட்டினா நிக்குதாம், திரும்பப் போட்டா வருகுதாம்.

போர்வையின் மேல் உன் விரல் அசைந்தது. பிறகு முகம் சுருங்கிற்று.

"அப்ப ஒண்டும் வரேல்லை."

நான் திகைத்துப்போனேன்.

"சின்னதைப் பத்தால பிரிச்சால் வெறும் இரைச்சல்தான், ஐசே. பறவாயில்லை. அப்பா கோவிக்கேல்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லு." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஆணையாக ஒன்றும் சேர்க்கவில்லை என்றேன். நீ திரும்பாமலே, லாஞ்சியை விடப் பெரிய சுறா கண்டன் எண்ட கதைக்கும் நீ ஆணையிட்டனி என்றாய். தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். நீ அவள் கையைத் தடவிக்கொடுத்தாய், நம்பவில்லை. பிள்ளையை அங்கே நிறுத்திவைத்து, அதற்கும் பயனில்லாமல் போயிற்று என்ற நினைப்போடு நீ போகப்போகிறாய் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உண்மை கையில் இருக்கிறது. அதை உன்னிடம் சேர்ப்பதற்கு வழி இல்லை.

கட்டிலடி ஸ்டூலில் குந்தினேன். அவ்வளவு களைப்பு என் உடம்பில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பிறகும் இல்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். பிறகு தொடங்கினேன்.

"மச்சான், இஞ்ச பார். நீ தாங்கமாட்டாய் எண்டு பயந்து குறைச்சுச் சொல்லிப்போட்டன்."

அந்தத் துண்டு வெளிச்சத்தைக் கண்டதும் மெசினில் ஊசி போய்ச் சுவரில் அடித்தது என்றேன். கட்டடம் முழுவதும் விளக்குகள் மங்கி எழும்பின என்றேன். பெரிய புரபெசர் கதிரையோடு பின்னால் விழுந்து, எழும்பி வந்து உன் மகளின் காலைத் தொட்டார் என்றேன். அயல் நாட்டுக்காரர் எல்லாம் பிளேன் பிடித்து வந்து வாசலில் நிற்கிறார்கள், அவள் ஒருவரையும் உள்ளே விடவில்லை என்றேன். தூர நட்சத்திரம் ஒன்று இருமினால்கூட இனி அந்தத் துண்டுக்குக் கேட்கும் என்றேன். ஒவ்வொன்றையும் நங்கூரம் இழுப்பது மாதிரி அடிவயிற்றிலிருந்து இழுத்தேன். வாட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்த நேர்ஸ்பிள்ளையும் மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள். ஈச்சிலம்பற்றுக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். நான் ஒருவரையும் பார்க்கவில்லை. உன் விரலைத்தான் பார்த்தேன்.

அது போர்வையில் மறுபடியும் அசையத் தொடங்கியது. நான் சொல்லச் சொல்ல நீ பிரித்துக்கொண்டிருந்தாய். பிறகு விரல் நின்றது. நீ மெல்ல என் பக்கம் திரும்பினாய்.

"அப்ப, சின்னதா ஒண்டு வந்திருக்கு."

நான் உன் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பவும் வந்ததோ?"

"வந்தது."

"நிப்பாட்டேக்குள்ள நிண்டதோ?"

"நிண்டது."

நீ மேலே கூரையைப் பார்த்தாய். மங்கிப்போன அந்தக் கண்ணால் கன நேரம் பார்த்தாய்.

"அப்ப பிள்ளையை வரச்சொல்லு" என்றாய்.

சொன்னேன். அவள் கிடைத்த பிளேனில் ஏறினாள். அவளை ஏற்றி வந்த வேன் துறைமுக வீதியால் திரும்பும்போது உன் வீட்டு வாசலில் சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டியாயிற்று. அவளைப் பிடித்து இறக்கியது நான்தான். அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின்னேரம், சனமெல்லாம் போன பிறகு, அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். உன்னை மாதிரியே கதிரையின் நுனியில்தான் இருக்கிறாள். அப்பாவுக்கு விளங்கினதோ மாமா என்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். நீ முதலில் நம்பாதது, நான் ஊசியைச் சுவரில் அடித்தது, உன் விரல், நீ கேட்ட இரண்டு கேள்வி. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"இதில எவ்வளவைக் கழிக்கவேணும், மாமா?"

"ஒண்டையும் கழிக்காதை, பிள்ளை."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை, ஆணையிடவும் இல்லை. நம்பினாளோ தெரியாது. ஓம் மாமா என்று சொல்லி எழும்பி, தாய்க்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். கொஞ்ச நாளில் அந்தக் குளிர்நாட்டுக்கே திரும்பிவிட்டாள். இப்போது இரண்டாவது துண்டு செய்கிறாளாம்.

மச்சான், எனக்கு அலுத்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் இப்போதும் கதை சொல்கிறேன். உன் மகளுக்கு வெளிநாட்டு அரசாங்கம் மாளிகை கொடுத்திருக்கிறது என்று போன கிழமை சொன்னேன். நானா தலையாட்டினார், வேறு ஒருவன் எழும்பிப் போனான். ஒருவன் முழுவதையும் நம்புகிறான், மற்றவன் முழுவதையும் தள்ளுகிறான். சரியாகக் கேட்க ஆளில்லாமல் பேசுவது எவ்வளவு பாரம் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

ஆனால் அந்த வாட்டில் நடந்ததை உன் மகளைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. வாய் பல தடவை திறந்தது. ஒருமுறை, நீ கட்டிலை விட்டு எழும்பி நின்றாய் என்ற அளவுக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். என் வாயில் பட்ட எதுவும் இதுவரை வளராமல் இருந்ததில்லை. இதுவும் வளர்ந்துவிட்டால், உண்மையில் இருந்த அளவு எது என்று சொல்ல இனி யாரும் இல்லை.

அதனால் அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறேன். நீ திரும்பினாய், கேட்டாய், வரச்சொன்னாய். அவ்வளவுதான்.